மறுத்துப் பேச ஏற்காட்டுக்கு

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் குளிருக்காகப் போவார்கள், ஏரியில் படகு விடப் போவார்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் போவார்கள். நான் சண்டை போடப் போனேன். அவர்களே கூப்பிட்டார்கள். தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் தருகிறோம் என்றார்கள்.

"சண்டை போடுததுக்குன்னு பஸ் ஏறிப் போறவளை இப்பத்தான் பாக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர். "இங்க நான் ஒருத்தன் இருக்கது பத்தாதா?"

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, ஊரின் பழைய கதைகளைப் பேசுவோம். போன வருடம் அங்கே பேச வந்தவர் சற்குணம். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஏற்காட்டு வரலாற்று மன்றத்தின் செயலாளர். அவர் எங்கள் துறைமுகத்தைப் பற்றி ஏதோ சொல்ல, நான் எழுந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஊரே சொல்லும். மனிதர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கூட்டம் முடிந்ததும் வந்து என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இந்த ஜனவரியில் கூப்பிட்டார். "ஏனுங்க சண்முகத்தாயம்மா, நல்லா இருக்கீங்களா? உங்க வாய்க்கு எங்க ஊர்ல ஒரு வேலை இருக்குதுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேலத்தில் பஸ் பிடித்தேன். பாதி மலை ஏறியதும், ஒரு கொண்டை ஊசி வளைவில் பெங்களூர்க் கார் ஒன்று குறுக்கே நின்று உயிரை விட்டிருந்தது. மேலே போகிற வண்டியும் நின்றது, கீழே வருகிற வண்டியும் நின்றது. காரிலிருந்து இறங்கிய அம்மாள் தன் புருஷனைப் பார்த்துக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. எங்கள் கண்டக்டருக்குப் புரிந்தது. படியில் தொங்கியபடி பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"'கீழயே காரை விட்டுட்டு பஸ்ல போலாம்னேன், கேட்டயா'ங்கறாங்க அந்தம்மா. 'உங்கண்ணன் தலைல கட்டுன காருதான இது'ங்கறாரு அவரு. அடடா, இப்ப அண்ணனை இழுத்துட்டாருங்க. இனிமே வண்டி கெளம்புனாப்பலதான்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மடியில் இருந்த மக்ரூன் டப்பாவை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. தூத்துக்குடியில் வரிசையில் நின்று வாங்கி, உடையாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மக்ரூன்! பாறை மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, மோந்து பார்த்துத் தின்றது. "நாசமாப் போறவனே" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏற்காட்டு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கும்போது குளிர் முதுகெலும்பில் ஏறியது. எங்கள் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும். சற்குணம் என்னைப் பக்கத்திலேயே இருந்த தங்கவேலின் மளிகைக் கடைக்கு அழைத்துப் போனார். தங்கவேலும் மன்றத்தில் ஒரு மெம்பர்தான். நாற்பது வயதிருக்கும். கடை வாசலில் சாயங்காலம் மட்டும் பஜ்ஜி போடுகிறார். மிளகாய் பஜ்ஜியை வாயில் வைத்ததும் மக்ரூன் துக்கம் பாதி தீர்ந்தது. வாழைக்காய் பஜ்ஜியில் மீதியும் தீர்ந்தது.

"இன்னும் ரெண்டு வெச்சுக்கங்க. ஆறிப் போச்சுன்னா நல்லா இருக்காதுங்க" என்று தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார் தங்கவேல். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, கையைத் தடுக்க அவருக்கு மனமில்லை.

அங்கே நின்றுதான் சற்குணம் என் வேலையை விளக்கினார்.

"எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதிங்க. ஒருத்தரை மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்ல வராதுங்க. மன்றம் ஆரம்பிச்ச புதுசுல சேலத்துல இருந்து ஒருத்தர் வந்து, இந்த மலைல ஏதோ ராஜா பொதையல் வெச்சிருக்கான்னு ஒரு மணி நேரம் பேசுனாருங்க. அத்தனையும் புளுகு. எல்லாரும் கை தட்டி, சால்வை போட்டு, பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து, அப்புறம் ராத்திரி பூரா அவரைத் திட்டறோம்! அதுக்கப்புறம்தானுங்க இந்த ரூலு."

அந்த விதியை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. வருடத் தொடக்கத்தில் அவர்கள் ஒரு நிகழ்ச்சி நிரல் அட்டை அடிக்கிறார்கள். மாதம் ஒரு பேச்சு, இடையிடையே மலைக்குள் ஒரு நடை. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பேசுபவர், மூன்றாவதாக மறுப்பவர். பேச்சு முடிந்ததும் மறுப்பவர் எழுந்து, பேசியவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். பதவி கொடுத்துவிட்டால் சங்கடம் இல்லை பாருங்கள்! மறுக்க ஆள் இல்லையென்றால் பேச்சும் இல்லை.

"அதுல ஒரு சிக்கலுங்க" என்றார் சற்குணம். "ரோசலின் அக்கா பேச்சு மட்டும் மூணு வருசமா நடக்கவே இல்லீங்க."

ரோசலின் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்தவர். கணக்கும் ஆள் பதிவும் அவர் கையில்தான் இருந்ததாம். அவருடைய கணவர் அந்தோணிதான் மன்றத்திலேயே பெரிய மறுப்பவர். யார் பேசினாலும் விட மாட்டார், மனைவி பேசினால் இரண்டு மடங்கு. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு ரோசலின் பேச்சுக்கு மறுப்பவராக யாரைப் போட்டாலும் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும், மாமனார் வீட்டில் விசேஷம் வந்துவிடும். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணை எதிர்த்துப் பேசுவதா என்ற எண்ணம்தான். போன வருடம் ஒருவர் துணிந்து வந்து எழுந்து நின்று, "அக்கா சொன்னது எல்லாமே சரிங்க" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

"அந்தாளு யாருங்க?" என்றேன்.

சற்குணம் பஜ்ஜிச் சட்டியைப் பார்த்தார். தங்கவேல் ஜல்லிக்கரண்டியோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா ஒத்துக்கவே இல்லீங்க. 'இது பேச்சுல சேத்தி இல்லை, அடுத்த வருசம் மறுபடி போடுங்க'ன்னுட்டாங்க. அதனாலதான் வெளியூர் ஆளு. நீங்க இரக்கம் பாக்க மாட்டீங்கல்லங்க?"

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என்னைத் தங்கவைத்த இடத்தைப் பார்த்ததும்தான் திக்கென்றது. எந்தப் பெண்ணை நான் கிழிக்க வேண்டுமோ, அவர் வீட்டிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். ரோசலின் வெள்ளைத் தலையும் ஒல்லி உடம்புமாக வாசலில் டார்ச்சோடு நின்றார். உள்ளே நுழைந்ததும் சுடுதண்ணீர், கம்பளி, அரிசியும் பருப்புமாக நெய் மணக்க ஒரு சோறு, அதோடு மிளகு போட்டு வறுத்த கோழி. எங்கள் ஊரில் மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மீன் என்ற சொல்லே நினைவுக்கு வரவில்லை.

"நல்லா சாப்பிடுங்க" என்றார் ரோசலின். "ஆனா ஒண்ணு. என்ர ஊட்டுல சோறு தின்னோமேன்னு ஞாயித்துக்கெழமை உட்டுக் குடுத்துராதீங்க. அப்புறம் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"அக்கா, நான் அப்படி ஆளு இல்ல. சோத்தையும் தின்னுட்டு சண்டையும் போடுவேன்."

"அப்பச் சரி" என்று இன்னொரு துண்டு கோழி வைத்தார். பிறகு கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சொன்னார். "மூணு வருசமா நான் என்ன சொன்னாலும் தலைய ஆட்டறாங்க கண்ணு. கடைல வெல தப்பாச் சொன்னாக்கூட ஆட்டறாங்க. செத்தது அவரா நானான்னே எனக்குச் சந்தேகமாப் போச்சு."

நான் கோழியைத் தின்றேன்.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் வேறொரு பேச்சு. மலையில் கமலா ஆரஞ்சு எப்படி வந்தது, எப்படிக் குறைந்தது என்று ஒரு தோட்டக்காரர் பேசினார். மறுப்பவர் ஒரு லாட்ஜ் மேனேஜர். எழுந்ததும் முதலில் ஐயாவின் உழைப்பை வணங்கினார், ஐயாவின் தகப்பனாரை வணங்கினார். "தப்புன்னு சொல்லலீங்க, ஒரு சின்ன சந்தேகம்தானுங்க" என்று தொடங்கி, தோட்டக்காரர் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட உயிரோடு விடவில்லை. கடைசியில் மறுபடியும் ஒரு கும்பிடு. எங்கள் ஊரில் இவ்வளவு நேரத்தில் நாற்காலி பறந்திருக்கும். இவர்கள் இருவரும் ஒரே பைக்கில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

கூட்டத்தில் ரோசலினையும் கவனித்தேன். அவர் ஏதாவது கேட்டால் ஹால் முழுவதும் ஒரே குரலில் "ஆமாங்கக்கா, ஆமாங்கக்கா" என்றது. அத்தனை பேரும் அன்பானவர்கள். அந்த அன்பைப் பார்த்து எனக்கே எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் சேர்ந்ததும் இரண்டு ஜீப்பில் கிளம்பினோம். நான் ஏறிய ஜீப் டயர் பாதி வழியில் பஞ்சராகி உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னி எங்கே என்று கேட்டால், அதுவும் பஞ்சராகி ஒட்டுவதற்குக் கொடுத்திருக்கிறதாம். நடந்தோம். காப்பி பறிக்கிற காலம், இரண்டு பக்கமும் செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. ஒன்றைப் பறித்துச் சப்பினேன், இனித்தது. "அதை நாய் தின்னும், மரநாய் தின்னும், டூரிஸ்ட் தின்னும்" என்றார் பின்னால் வந்த ஒருவர். அவர் சொன்னதில் நான் எந்த வகை என்று கேட்கவில்லை.

ரோசலின் பேசப்போகிற விஷயம் அந்தப் பாதை ஓரத்தில் நின்றது. ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல் படுக்க வைத்தது. ரோடு வருவதற்கு முந்திய காலத்தில் தலைச்சுமையோடு நடந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறக் கட்டியது. நாங்கள் சுற்றிப் புல்லில் உட்கார்ந்தோம். ரோசலின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினார்.

அவருடைய கட்சி எளிமையானது. இந்தக் கல்லை எந்தத் துரையும் தருமத்துக்கு வைக்கவில்லை. காப்பி மூட்டை சுமந்த பெண்கள் கேட்டு, அவர்கள் அளவுக்கு வைக்கச் செய்தது. "எப்படித் தெரியும்னா, அளந்து பாருங்க" என்று ஒரு கூடையை என் தலையில் ஏற்றினார். நான் குள்ளம். கல் அருகே போய் நின்றதும் கூடை அப்படியே வழுக்கிக்கொண்டு பலகை மேல் உட்கார்ந்தது. அடுத்து நெட்டையரான சற்குணத்தின் தலையில் ஏற்றினார். அவர் முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, கடைசியில் கூடையைக் கீழே போட்டார். ஒரே சிரிப்பு. "ஆம்பளைக்கு வெச்ச கல்லா இது?" என்றார் ரோசலின். சொன்ன விதத்தில் நானே நம்பிவிட்டேன்.

ஆனால் நான் வந்த வேலை வேறு. எழுந்தேன்.

"அக்கா, எங்க பக்கம் சுமைதாங்கிக் கல்லுன்னா வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பளைக்கு நினைவா வைக்கது. இதும் அதா ஏன் இருக்கக் கூடாது?"

ரோசலின் முகம் பளிச்சென்று ஆனது. "இருக்கலாமுங்க. ஆனா அப்படி வெச்சா செத்தவ பேரை வெட்டாம உடுவாங்களா? சுத்திப் பாருங்க, ஒரு எழுத்து இல்லை. அடுத்ததைக் கேளுங்க!"

அடுத்ததுதான் என் பெரிய வெடி. எங்கள் தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்த்தி, என் வீட்டு வாசலே பள்ளத்துக்குள் போய்விட்டது. மழை பெய்தால் தெருத்தண்ணீர் என் அடுப்படிக்குத்தான் வரும். "அதே மாதிரி இங்கயும் மண்ணு ஏறியிருக்கும். கல்லு குட்டை ஆகலை, தரைதான் ஒசந்திருக்கு. உங்க அளவெல்லாம் தப்பு."

"ஏனுங்க, உங்க ஊரு சமவெளி!" ரோசலின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. "மலைல மண்ணு ஏறுமா, எறங்குமா? ஒரு மழைக்கே எத்தனை மண்ணு அடிச்சுட்டுப் போகுதுன்னு இவங்களைக் கேளுங்க. இந்தக் கல்லு வெச்சப்ப இன்னும் குட்டையா இருந்திருக்கும். அப்ப என் பேச்சுக்கு இன்னும் பலம்தான?"

நான் தோற்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பார். கூட்டம் கை தட்டத் தொடங்கியது. சற்குணம் வழக்கப்படி, "வேற யாருக்காவது மறுப்பு உண்டுங்களா?" என்று சொல்லிக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதே இல்லையாம்.

"ஒண்ணு இருக்குதுங்க."

தங்கவேல். மிக்சர் பொட்டலங்கள் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏப்பா, உக்காரு, அக்கா பாவம்." தங்கவேல் உட்காரவில்லை. முகம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"அக்கா, மத்த எடத்துல மண்ணு எறங்கும்ங்க. இந்த எடத்துல ஏறியிருக்குதுங்க. மேல அந்த ரோடு வெட்டுனப்ப, வெட்டுன மண்ணைப் பூரா இங்கதான் கொட்டுனாங்க. எங்கப்பா அந்த லாரில லோடுமேனுங்க. சொல்லிக் கேட்டிருக்கறனுங்க. நீங்க அப்பக் கல்யாணமாகி வரலீங்க, கரடியூர்ல உங்கப்பா ஊட்டுல இருந்தீங்க." பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அந்தோணி அண்ணன் இருந்திருந்தா அவரே சொல்லியிருப்பாருங்க."

சற்குணம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெயரை அந்த அம்மாள் எதிரில் மூன்று வருடமாக யாரும் எடுத்ததில்லை என்று பிறகுதான் சொன்னார்கள்.

ரோசலின் தங்கவேலையே பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்து நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"அப்பிடியா? சும்மா வாயில சொன்னாப் போதுமா?" என்றார். "கடப்பாரை கொண்டா!"

பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் இருந்து கடப்பாரை வந்தது. எஸ்டேட்காரரும் மன்றத்து மெம்பர்தான், "குத்துங்க குத்துங்க" என்று அவரே இடம் காட்டினார். தங்கவேல் கல்லில் படாமல் தள்ளிக் குத்தினார். கடப்பாரை அல்வாவில் போல இறங்கியது. ஒரு சாணுக்கு மேலே போய்த்தான் பழைய தரையில் ணங்கென்றது. நான் கல் அருகே போய், அந்த ஒரு சாணையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். குதிகாலைத் தூக்கி எக்கினாலும் என் கூடை பலகையைத் தொட்டிருக்காது.

"தப்புங்கக்கா" என்றார் தங்கவேல், ஏறக்குறைய அழுதுகொண்டு.

"அதெப்படி? அந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாம் இவங்களாட்டம் குள்ளமா இருந்தாங்கன்னு யாரு சொன்னா?" என்றார் ரோசலின்.

அவ்வளவுதான். மடை உடைந்தது. கல் நட்டதே ரோடு வந்த பிறகுதான் என்றார் ஒருவர். லாட்ஜ் மேனேஜர் கும்பிடுகூடப் போடாமல், "அக்கா, போன வருசமே எனக்குச் சந்தேகமுங்க" என்று பாய்ந்தார். மூன்று வருடமாகத் தலையாட்டியவர்கள் எல்லோரும் ரோசலினைச் சூழ்ந்துகொண்டு, தப்பு தப்பு என்று கத்தினார்கள். அவரும் ஒருவர் விடாமல் பதிலுக்குக் கத்தினார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்க நேரம் இல்லை. என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மத்தியானச் சாப்பாடு ரோசலின் வீட்டு வாசலில். பந்தி உட்கார்ந்தும் சண்டை ஓயவில்லை. சோறு அள்ளி வைத்துக்கொண்டிருந்த ரோசலினிடம் போய், "அக்கா, உங்க பேச்சு தோத்துப் போச்சே" என்று வம்புக்கு இழுத்தேன்.

"போனாப் போகுது. அவரு போனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் என்கூட ஒருத்தன் சண்டை போட்டிருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் போட்டது என்னவாம்?"

"நீங்க நாங்க கூட்டியாந்த ஆளு சாமி" என்று என் தோளைத் தட்டினார். "அவன் தானா எந்திரிச்சவன்."

பந்தியின் கடைசியில் இருந்து தங்கவேல் எழுந்து நின்று, கைச் சோற்றோடு கூப்பிட்டார். "ஏனுங்கக்கா! பொம்பளைங்க நெட்டைன்னே வெச்சுக்குவோம். அப்ப அந்த மேக்கல்லைத் தூக்கி வெச்சது யாருங்க?"

"இரு, வர்றேன்!" என்று கத்தி, சோற்றுக் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ரோசலின் அந்தப் பக்கம் ஓடினார்.